எதிர்ப்பு சக்தி டானிக் கேட்கிறவங்களுக்கு ஒரு த்ரெட்

1/ "ஏனுங்க டாக்டர், பையனுக்கு எதிர்ப்பு சக்தி ஏத்தறதுக்கு டானிக் ஏதாச்சும் எழுதிக் குடுங்க." கோயம்புத்தூர்ல மழை ஆரம்பிச்சா ஓ.பி.யில தினமும் இதுதான். அந்த 'ஏத்தறது'ங்கற எண்ணமே தப்புன்னு நான் நினைக்கறேன்.

2/ நெஞ்செலும்புக்குப் பின்னாடி தைமஸ்னு ஒரு சுரப்பி இருக்கு. சின்னக் குழந்தையில பெருசா இருக்கும், பருவ வயசுக்கு அப்புறம் சுருங்கி மெல்லக் கொழுப்பா மாறிடும். ரொம்ப நாளா இதை வேலையில்லாத உறுப்புன்னே நினைச்சிருந்தாங்க.

3/ 1961ல லண்டன்ல ஜாக் மில்லர், பிறந்த உடனே சுண்டெலிக் குட்டிகளோட தைமஸை எடுத்துப் பார்த்தார். குட்டிகள் இளைச்சு, தொற்று வந்து செத்துச்சு. வேற எலியோட தோலை ஒட்டினாக்கூட உடம்பு எதிர்க்கலை. வளர்ந்த எலியில எடுத்தா பெருசா ஒண்ணும் ஆகலை. டி செல்கள் படிக்கிற பள்ளிக்கூடம் இதுதான்னு அதுக்கப்புறம்தான் புரிஞ்சுது. கண்டிப்பான பள்ளிக்கூடம்: 100 செல் சேர்ந்தா 95க்கு மேல உள்ளேயே செத்துடும். சொந்த உடம்பைத் தாக்கக்கூடியதும் அதுல அடக்கம்.

4/ 1969ல ஜப்பான்ல நிஷிசூகாவும் சகாகுராவும் இதே ஆபரேஷனைப் பிறந்த 3ஆம் நாள் செஞ்சாங்க. எதிர்ப்பு சக்தி குறையும்னுதானே நினைப்போம்? பெண் எலிகளோட சினைப்பை அழிஞ்சுது. அழிச்சது அதுங்களோட சொந்த எதிர்ப்பு சக்தியேதான்னு பின்னாடி தெரிஞ்சுது.

5/ ஷிமோன் சகாகுச்சி அந்த மாதிரி எலிகளுக்கு நல்ல எலியோட டி செல்களைக் குடுத்தார், நோய் வரலை. அப்படின்னா சண்டையை அடக்கற டி செல்லும் உண்டு. 1995ல அதை அடையாளம் காட்டினார். 2025 மருத்துவ நோபல் வாங்கின மூணு பேர்ல அவரும் ஒருத்தர்.

6/ (மனுசக் குழந்தைக்கு டி செல்கள் கர்ப்பத்திலேயே வெளிய வந்துடும். எலிக் கணக்கை அப்படியே நம்ம வீட்டுக்குப் போட்டு பயந்துக்காதீங்க.)

7/ எதிர்ப்பு சக்தி தண்ணித் தொட்டி இல்லீங்க, நிரப்பிக்கிட்டே போக. குழந்தைங்களுக்கு வர்ற டைப் 1 சர்க்கரை நோய், அதே டி செல்கள் கணையத்தைத் தாக்கறதால வர்றதுதான். அங்கே குறைஞ்சது பலம் இல்ல, அடக்கம்.

8/ செல்லுக்கு எதிரியை முன்கூட்டியே காட்டிக் குடுக்கறது தடுப்பூசி. டானிக் பாட்டிலுக்கு நூத்துக்கணக்குல செலவு பண்ணிட்டு, ஒண்ணரை வயசுல போட வேண்டிய ரெண்டாவது தட்டம்மை ஊசியை விட்டுட்டு வர்றதுதான் எனக்குக் கோவம். தட்டம்மை வந்தா உடம்பு முன்னாடி படிச்ச பாடத்தையும் நிறைய அழிச்சிடும். அட்டையை எடுத்துப் பாருங்க. விட்டிருந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாப் போடுவாங்க.