புறக்கடை யாருக்கு இருக்கிறது?

'புறக்கடைக் கோழி வளர்ப்பு' என்கிறது அரசு. கால்நடைத்துறைத் துண்டறிக்கையிலும் கடன் படிவத்திலும் விவசாயப் பத்திரிகையிலும் இதே சொல்தான். புறக்கடை என்றால் வீட்டின் பின்புறம். முன்னால் திண்ணை, நடுவே வீடு, பின்னால் கிணறு, முருங்கை, எருக்குழி, அதற்கும் பின்னால் சொந்தக் காடு. இப்படி ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொண்டு எவரோ உருவாக்கிய சொல் இது. சேலம், நாமக்கல் பக்கத்துக் காலனிகளில் எத்தனை வீட்டுக்கு இருக்கிறது புறக்கடை? ஒரு வீட்டின் பின்சுவர்தான் அடுத்த வீட்டின் முன்வாசல். அதைத் தாண்டினால் சாக்கடை. சாக்கடைக்கு அந்தப் பக்கம் பண்ணையக்காரர் வேலி. எங்களுக்குப் புறக்கடை கிடையாது. ஊருக்கே புறக்கடையாக எங்களை வைத்திருக்கிறார்கள்.

சொல்லில் தொடங்கும் ஒதுக்கல் சுற்றறிக்கையில் விதியாகிறது. அண்மை ஆண்டுகளில் தமிழக அரசு அறிவித்துவரும் 250 நாட்டுக்கோழிப் பண்ணைத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கொட்டகை, தளவாடம், நான்கு மாதத் தீவனம் ஆகியவற்றின் செலவில் பாதி மானியம். பயனாளிகளில் 30 சதவீதம் தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும். கேட்க இனிக்கத்தான் செய்கிறது. கூடவே வருகிறது நிபந்தனை. கொட்டகைக்குக் குறைந்தது 625 சதுர அடி நிலம் வேண்டும். அது குடியிருப்பை விட்டு விலகி இருக்க வேண்டும். சிட்டா, அடங்கல் நகல் இணைக்க வேண்டும்.

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஆக 625 சதுர அடி என்பது ஏறக்குறைய ஒன்றரை சென்ட். எங்களுக்குக் கிடைக்கும் இலவச மனைப்பட்டா பெரும்பாலும் 2 சென்ட், 3 சென்ட். அதில்தான் வீடு, அதில்தான் கக்கூஸ், அதில்தான் மகனுக்குக் கல்யாணமானால் தடுப்புச் சுவர். இதில் குடியிருப்பை விட்டு விலகிய ஒன்றரை சென்டை எங்கே போய்த் தேடுவது? 250 கோழி ஒரே இடத்தில் இருந்தால் நாற்றமும் நோயும் வரும், தள்ளி இருக்கட்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தள்ளி நிலம் வைத்திருப்பவன் யார் என்று கேட்காமல் போடப்படும் விதி, சாதி பார்க்காத விதி அல்ல. சாதியைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாத விதி.

நான் பகலில் வங்கி எழுத்தர், ராத்திரியில் கவிதை எழுதுகிறவன். மேசைக்கு வரும் படிவங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. இருபது வருசமாகக் கோழி வளர்க்கிற பெண்ணிடம் சிட்டா இருக்காது. சிட்டா வைத்திருக்கிற ஆளுக்குக் கோழி அடைகாப்பது எத்தனை நாள் என்று தெரிந்திருக்காது. (21 நாள் ஐயா.) கடன் யாருக்குப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 30 சதவீதம் காகிதத்தில் பத்திரமாக இருக்கும்.

கோழி என்ன பெரிய சொத்தா என்று கேட்கலாம். கிராமத்தின் எழுதாத சட்டங்களை அம்பேத்கர் பட்டியலிட்டபோது, தீண்டப்படாதவர் நிலமோ கால்நடையோ சேர்ப்பது குற்றமாகக் கருதப்படுவதையும் அதில் சேர்த்தார். மாடு வாங்கினால் கண்ணு உறுத்தும். ஆடு பத்து சேர்ந்தால் 'எங்க மேய்க்கறே' என்று கேள்வி வரும். யாரும் கணக்கெடுக்காமல் தப்பித்த சொத்து கோழி ஒன்றுதான். அதுவும் பெண்கள் கையில் இருந்த சொத்து. கையில் காசில்லாதவள் அடுத்த வீட்டுப் பெட்டைக்கோழியை வாரத்துக்கு வாங்கி வளர்ப்பாள். பொரித்த குஞ்சில் பாதி அவளுக்கு. பள்ளிக்கூட நோட்டு, ஆஸ்பத்திரி பஸ் காசு, ஊர்ப்பண்டிகை எல்லாமே அந்தக் கூடையில் இருந்துதான் வந்தன. புருசன் குடித்துத் தீர்க்க முடியாத சேமிப்பு அது. எங்கள் ஆயா சொல்லும்: "பேங்கு பூட்டிக் கெடந்தாலும் கோழி முட்ட போடுமடா."

அந்தக் கோழிக்குத் தீவனம் எங்கிருந்து வந்தது? இதைத் தோழர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். கூலி தானியமாக வந்த காலத்தில் வீட்டிலேயே குத்தினார்கள், புடைத்தார்கள். தவிடு, நொய், கருக்காய் எல்லாம் முற்றத்தில் விழுந்தன. களத்துமேட்டில் சிந்தியதைப் பொறுக்கினார்கள். இன்று கூலி பணமாக வருகிறது. அரிசி ரேஷன் கடையிலிருந்து தீட்டி வருகிறது. தவிடு ஆலையிலேயே தங்கி எண்ணெய்க்கும் தீவன மில்லுக்கும் போய்விடுகிறது. ஆத்தூர், தலைவாசல் பக்கம் மக்காச்சோளம் மலைபோல் விளைகிறது. அது லாரி ஏறி நேரே பண்ணைக்குப் போகிறது. ரேஷன் அரிசியே கடத்தப்பட்டுக் கோழித்தீவனத்துக்குப் போகிறது என்ற செய்தி நாளிதழில் அடிக்கடி வருகிறது. எங்கள் முற்றத்துக்கு வந்துகொண்டிருந்த இரை எந்த வழியில் நாமக்கல் கூண்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இதைவிட வேறு வரலாறு வேண்டியதில்லை.

இனி கணக்குக்கு வருவோம். அடைத்து வளர்த்தால் வளர்ந்த நாட்டுக்கோழிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 80 கிராம் தீவனம் வேண்டும். பத்துக் கோழிக்கு மாதம் 24 கிலோ. கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 720 ரூபாய். அதே கோழி பகலெல்லாம் வெளியே மேய்ந்துவிட்டு வந்தால், சாயங்காலம் கைத்தீனி 30 கிராம் போட்டால் போதும். மாதம் 9 கிலோ, 270 ரூபாய். மீதி 450 ரூபாயை யார் தருகிறார்கள்? புழு, பூச்சி, கரையான், புல்விதை, வேப்பம்பழம். அதாவது மண் தருகிறது. 'குறைந்த செலவில் கோழி வளர்ப்பு' என்று எத்தனை துண்டறிக்கை போட்டாலும் அதன் ரகசியம் இவ்வளவுதான். மேய்ச்சல் மண் இருப்பவனுக்குக் குறைந்த செலவு, இல்லாதவளுக்குக் கூடுதல் செலவு. கோழித்தீவனக் கணக்கு என்பது நிலக் கணக்கு.

77,000 ஏழைப் பெண்களுக்குத் தலா 50 குஞ்சு கொடுக்கும் திட்டத்தை அரசு அறிவித்தது. நல்லது. ஐம்பதும் உயிரோடு வளர்ந்து, அடைத்து வைத்தால் நாளைக்கு 4 கிலோ தின்னும். மேலே சொன்ன விலைக்கு 120 ரூபாய். தினக்கூலிக்குப் போகிறவள் இதைக் கட்ட முடியுமா? குஞ்சைக் கொடுத்தவன் மண்ணைக் கொடுக்கவில்லை. பிறகு, 'இவங்களுக்குக் குடுத்தா வித்துத் தின்னுடுவாங்க' என்று பேச்சு மட்டும் கிளம்பும்.

எங்கள் பெண்கள் இதற்குள்ளேயே வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். பத்துக் கிலோ கைத்தீனிக்குச் சோளமோ கம்போ உடைத்த மக்காச்சோளமோ 5 கிலோ, தவிடு 2 கிலோ, கடலைப்புண்ணாக்கு 2 கிலோ, உப்பில்லாத கருவாட்டுத்தூள் முக்கால் கிலோ, மீதி கிளிஞ்சல் தூள். பூசணம் பிடித்த புண்ணாக்கையும் சோளத்தையும் சும்மா கிடைத்தாலும் தொடக்கூடாது. ஈரல் கெட்டுக் கோழி சாகும். ராசிபுரம், மல்லசமுத்திரம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் குச்சிக்கிழங்குத் திப்பி மலிவாகக் கிடைக்கிறது. அதை மட்டுமே போட்டால் வயிறு ரொம்பும், முட்டை வராது, ஏனென்றால் அதில் புரதம் சொற்பம். தவிட்டோடு கொஞ்சம் கலக்கலாம். குஞ்சுகளுக்குக் கரையான்: பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலை, மட்டை அடைத்துத் தண்ணீர் தெளித்து, கரையான் புற்று இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் விடிவதற்குள் கரையான் ஏறியிருக்கும். இதை இப்போது பயிற்சி வகுப்பில் படம் போட்டுச் சொல்லித் தருகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஆயா செய்தபோது அது அறிவு என்று எவனும் சொல்லவில்லை. அசோலா வளர்க்கவும் சொல்கிறார்கள். நல்ல தீனிதான். ஆனால் மூன்று நாளைக்கு ஒருதரம் குழாயில் தண்ணீர் வரும் தெருவில், குடத்துக்கு அடித்துக்கொள்ளும் தெருவில், அசோலாத் தொட்டிக்கு எங்கிருந்து தண்ணீர்?

சரி, மேய விடலாம் என்றால் எங்கே விடுவது? கோழிக்குச் சாதி தெரியாது. வேலி தாண்டும். தாண்டினால், அது நாலு கடலைச்செடியைக் கிளறியதற்காகக் கோழியை மட்டும் திட்ட மாட்டார்கள். வளர்த்தவளின் சாதியைச் சொல்லித் திட்டுவார்கள். வேலியோரம் மருந்து கலந்த சோளம் இறைக்கப்படும். காலையில் ஆறு கோழி கழுத்து தொங்கிக் கிடக்கும். கேட்டால், 'எலிக்கு வெச்சது' என்பார்கள். போலீஸ் ஸ்டேசனில் கோழிக்கு எந்தக் குற்றப்பிரிவு என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஒரு பெண்ணின் மூன்று மாதச் சேமிப்பு அழிக்கப்பட்டது என்று எந்த ஏட்டிலும் பதிவாகாது.

ஊருக்குப் பொதுவாக மேய்ச்சல் புறம்போக்கு என்று ஒன்று இருக்கிறதே, அது எங்கே போனது? கிணறு வெட்டி, தென்னை வைத்து, சில இடங்களில் கோழிப்பண்ணையே கட்டி வளைத்திருக்கிறார்கள். 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில், பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றி ஊர் மக்களின் பொதுப் பயனுக்கு மீட்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலமற்ற கூலிகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் அரசு ஒதுக்கிய நிலத்தை விதிவிலக்காகவும் சொன்னது. இங்கே அந்தத் தீர்ப்பைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். புல்டோசர் எங்கள் குடிசைக்கு வருகிறது. தென்னந்தோப்புக்குப் போகிற வழி அதற்குத் தெரிவதில்லை.

நிலம் இல்லை என்பது பொய். சேலம் மாவட்டம் தலைவாசலில் கால்நடை ஆராய்ச்சி நிலையத்துக்கு 1,100 ஏக்கருக்கு மேல் ஒதுக்கி 2020 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஆராய்ச்சி நடக்கட்டும், வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அறிவியலுக்கு ஆயிரம் ஏக்கர் கிடைக்கிற மாவட்டத்தில் ஒரு காலனியின் கோழிகளுக்கு ஒரு ஏக்கர் ஏன் கிடைப்பதில்லை? செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891ல் எழுதிய அறிக்கைக்குப் பிறகு, 1892 முதல் நமக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் இப்போது யார் கையில்? அதை மீட்கக் கேட்டதற்கு 1994ல் காரணைப் போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்களைக் கொடுத்தோம். கோழி மேயும் மண்ணைப் பற்றிப் பேசும்போது அந்த மண்ணையும் சேர்த்தே பேசுகிறோம்.

இப்போது நம் தோழர்களிடம் சில வார்த்தை. 'கோழி, ஆடு எல்லாம் தொண்டு நிறுவன வேலை. நம் வேலை அதிகாரம்' என்று சிலர் ஒதுக்குகிறார்கள். கோழியைக் கொடுத்து நிலத்தை மறக்கச் செய்யும் அரசியலை எதிர்ப்பது சரி. ஆனால் அந்தக் காரணத்தால் கோழியையே கைவிட்டால் யாருக்கு லாபம்? 1982ல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் முட்டைக்கு விலை அறிவிக்கிறது. பண்ணை முதலாளிக்குச் சங்கம் இருக்கிறது. அந்தப் பண்ணைகளில் எரு அள்ளுகிறவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள்தான். நம் வீட்டு நாட்டுக்கோழிக்கு விலை சொல்கிறவன் சந்தை வாசலில் மறித்து நிற்கும் யாவாரி. எடையும் அவனே, விலையும் அவனே. பத்து வீட்டுக் கோழியைச் சேர்த்துத் தராசு வைத்து விற்றால் அது அரசியல் இல்லையா?

இன்னொன்று. காலனிக் கோழியைக் கூண்டோடு அழிப்பது வெள்ளைக்கழிச்சல். வந்தபிறகு மருந்து கிடையாது. சின்ன வெங்காயமும் மஞ்சளும் சீரகமும் அரைத்துக் கொடுப்பது வேண்டுமானால் கொஞ்சம் தெம்பு தரும், தடுப்பூசிக்கு ஈடாகாது. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. சிக்கல் எங்கே என்றால், ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்கு மேல் வரும். கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். எட்டுக் கோழி வைத்திருக்கிற ஒருத்தி தனியாகப் போனால் குப்பியை உடைக்க மாட்டார்கள். தெருவே சேர்ந்து போனால் உடைத்தே ஆக வேண்டும். தனித்தனியாக இருந்தால் சாவு, சேர்ந்தால் பிழைப்பு. இதைவிட எளிய அமைப்புப் பாடம் எனக்குத் தெரியாது.

நாம் கேட்க வேண்டியவை நான்கு. கோழித் திட்டங்களுக்குச் சிட்டா, அடங்கல் கேட்பதை நிறுத்து. தனிக் கொட்டகைக்குப் பதில் காலனிக்கு ஒரு பொதுக் கொட்டகையும் வேலியிட்ட மேய்ச்சல் நிலமும் புறம்போக்கிலிருந்து ஒதுக்கி, பெண்கள் குழுவின் பேரில் எழுது. குஞ்சோடு ஆறு மாதத் தீவனம் கொடு. கோழிக்கு விஷம் வைப்பது வன்கொடுமையின் ஒரு வடிவம் என்று வழக்குப் பதிவு செய்.

மாணவத் தோழர்கள் செய்ய வேண்டியது ஒன்று. உங்கள் கிராமத்து 'அ' பதிவேட்டில் மேய்ச்சல் புறம்போக்கு எத்தனை ஏக்கர், இப்போது யார் அனுபவத்தில் என்று எடுத்து எழுதுங்கள். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத்துறை இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. முகாம் ஊர்க் கோயில் திடலில் போடப்பட்டுக் காலனி எட்டாமல் போகும். இந்த முறை மருத்துவரைத் தெருவுக்கு அழைத்து வாருங்கள். வீடு வீடாகப் பஞ்சாரத்தை எண்ணிப் பட்டியல் போடுங்கள். ஊசி போட்டு முடித்த அன்றைக்கே, அந்தப் பெண்களின் கையெழுத்தோடு நில மனுவை வட்டாட்சியர் மேசையில் வையுங்கள்.