எல்லாம் எங்கள் வாசல் வழியே: ஒரு மறுப்பு

‘பாதுகாப்பு’ என்ற சொல்லை உச்சரித்தவுடன் விவாதம் முடிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் எல்லா நிறுவனங்களிலும் இருக்கிறார்கள். நாம் பணிபுரியும் கல்லூரியும் விலக்கல்ல. வீட்டிலிருந்தே நூலகத்தைப் பயன்படுத்த ஆசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் வி.பி.என். இணைப்பு வழங்கியிருக்கிறார்கள். அது ஏன் இவ்வளவு மெதுவாக இயங்குகிறது, பலருக்கு நூலகமே ஏன் திறப்பதில்லை என்று கேட்டால் கிடைக்கும் பதில், ‘பாதுகாப்பு’. தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்பது சொல்லாமல் விடப்பட்ட மீதிப் பதில். ஆகவே கற்றுக்கொண்டே கேட்கிறோம்.

வி.பி.என். என்பது பொது இணையத்தின் ஊடே மறைகுறியாக்கத்தால் அமைக்கப்படும் ஒரு சுரங்கப்பாதை. எந்தத் தரவு அதனுள் புக வேண்டும், எது வழக்கமான பாதையில் போக வேண்டும் என்பதை மடிக்கணினியிலுள்ள வழிப்பட்டியல் தீர்மானிக்கிறது. அப்பட்டியலில் ஒரு முகவரிக்குப் பல வரிகள் பொருந்தினால், மிகக் குறிப்பான வரியே வெல்லும். நிர்வாகி கல்லூரிக்குரிய முகவரித் தொகுதிகளை மட்டும் அதில் சேர்க்கலாம். அல்லது 0.0.0.0/0 என்று எழுதி உலகம் முழுவதையும் சுரங்கத்துக்குள் தள்ளலாம். வயர்கார்டு, ஓப்பன்வி.பி.என். ஆகிய இரண்டு மென்பொருள்களிலும் இது ஓரிரு வரிகளில் முடிகிற வேலை. நம் கல்லூரி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது; யாரையும் கேட்கவில்லை.

விளைவு என்ன? ஆசிரியர் தம் வீட்டில் ஒரு நாளிதழைத் திறந்தால், அந்தக் கோரிக்கை முதலில் கல்லூரிக்கு வருகிறது. கல்லூரியின் அதே இணைய இணைப்பு வழியே மீண்டும் வெளியேறுகிறது. பதிலும் அதே சுற்றுப்பாதையில் திரும்புகிறது. ஒவ்வொரு பக்கமும் கல்லூரியின் இணைப்பை இருமுறை கடக்கிறது. மாலையில் பலர் ஒன்றாக நுழைந்தால் நெரிசல் ஏற்படாமல் என்ன செய்யும்? அதோடு, அவர் எந்த வங்கியின் தளத்துக்குப் போனார், எந்த மருத்துவமனையைத் தேடினார் என்பதும் கல்லூரியின் பதிவேட்டில் விழக்கூடும். உள்ளடக்கம் மறைகுறியில் இருக்கலாம். போன இடம் மறைவதில்லை.

முழுச் சுரங்கத்துக்கு நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. நிறுவனமே தந்து பராமரிக்கும் கணினிக்கும், ரயில் நிலையத்து வை-ஃபையில் அமர்ந்திருப்பவருக்கும் அது பொருந்தும். ஆனால் சொந்தக் கணினியில் ஏற்கெனவே புகுந்துவிட்ட நச்சுநிரலை அது தடுப்பதில்லை. அந்நிரலுக்குக் கல்லூரி வரை பாதை போட்டுத் தருகிறது. 2020இல் பெருந்தொற்றால் உலகமே வீட்டிலிருந்து பணிசெய்தபோது, தன் அலுவலகச் சேவைகளின் போக்குவரத்தைச் சுரங்கத்திலிருந்து பிரித்துவிடும்படி மைக்ரோசாஃப்ட் பரிந்துரைத்தது. 2024 மே மாதம் வெளியான ‘டனல்விஷன்’ ஆய்வு, உள்ளூர் வலைப்பின்னலில் இருக்கும் ஒருவர் டி.எச்.சி.பி.யின் வழியாகக் குறிப்பான வழிகளைத் திணித்து, முழுச் சுரங்கத்திலிருந்தும் தரவை வெளியே இழுக்க முடியும் என்று காட்டியது. குறிப்பான வரியே வெல்லும் என்ற விதி அவருக்கும் பொதுதானே!

இனி, நூலகம் திறவாமைக்கு வருவோம். 1996இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1918 என்னும் ஆவணம், தனிப்பயன் வலைப்பின்னல்களுக்கென மூன்று முகவரித் தொகுதிகளை ஒதுக்கியது. வீட்டு ரூட்டர்கள் பலவும் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளையே இயல்பாகத் தருகின்றன. நம் நூலக வழங்கிக்கும் அதே தொகுதியில்தான் முகவரி. எனவே மடிக்கணினி நூலகத்தை வீட்டுக்குள்ளேயே தேடிவிட்டு, இல்லை என்கிறது. 10 என்று தொடங்கும் தொகுதியில் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேற்பட்ட முகவரிகள் இருக்க, இந்த மோதல் யாருடைய பாதுகாப்புக்காக?

அடுத்தது மறுவழி. வி.பி.என். பயனர்களின் தொகுதிக்குப் பதில் எவ்வழியே போக வேண்டும் என்று கல்லூரியின் ரூட்டரில் ஒரு வரி எழுத வேண்டும். அதை எழுதாமல், பயனர் அனைவருக்கும் ஒரே முகவரியை முகமூடியாக மாட்டிச் சமாளித்திருக்கிறார்கள். இப்போது நூலக வழங்கியின் பதிவேட்டில் எல்லோரும் ஒருவரே. பாதுகாப்பைப் பேசுகிறவர்கள் செய்த வேலை இது.

நாம் கேட்பவை எளியவை. கல்லூரியின் தொகுதிகள் மட்டும் சுரங்கத்தில் செல்லட்டும். வீட்டு ரூட்டர்களோடு மோதாத எண்கள் வழங்கப்படட்டும். மறுவழி முறையாக எழுதப்படட்டும். கல்லூரிப் பெயர்களை மட்டும் கல்லூரியின் டி.என்.எஸ். தீர்க்கட்டும். சந்தா கட்டிய ஆய்விதழ்கள் பல, கல்லூரியின் முகவரியைக் கண்டே கதவைத் திறக்கின்றன. பதிப்பகத் தளங்களின் முகவரிகளோ மாறிக்கொண்டிருப்பவை. அவற்றுக்கு நூலகத்திலேயே ஒரு பதிலாள் வழங்கியை நிறுத்தினால் போதும்.

பகலில் ஒரு பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, குழந்தையை உறங்கவைத்த பின் இரவில் ஆய்வேட்டைத் திறக்கும் பகுதிநேர ஆய்வு மாணவிக்கு ஒரு நாளில் கிடைப்பது ஒரு மணி நேரம். அதில் பாதியைச் சுழலும் வட்டத்தைப் பார்த்துக் கழிப்பவர், சில வாரங்களில் நூலகத்தைத் தேடுவதையே விட்டுவிடுவார். ‘பயன்பாடு குறைவு’ என்று காரணம் காட்டி ஆய்விதழ்ச் சந்தாவையும் நிறுத்துவார்கள். பொறுப்பில் இருப்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். ‘பாதுகாப்பு’ என்ற ஒற்றைச் சொல்லைத் தவிர்த்து, வேறு சொற்களில்.