காஷ்மீரில் இருப்பது யார் கல்லறை?

போடியில் பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை முடிந்து, குரங்கணிக்கு ஏறும் ஜீப்பில் உட்கார்ந்திருந்தோம். மதுரையில் படிக்கும் என் அக்கா மகன் போனை நீட்டினான். "மாமா, இதைப் பாருங்க. இயேசு சிலுவையில சாகவே இல்லையாம். மயக்கம்தானாம். அப்புறம் காஷ்மீர் வந்து பிழைச்சு, வயசாகித்தான் செத்தாராம். கல்லறைகூட இருக்கு."

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. மூன்று மணி நேரம் சிலுவைத் தியானம் கேட்டுவிட்டு வந்த பிள்ளை, உண்மையிலேயே கலங்கித்தான் கேட்டான். இந்தக் கதை இப்போது எல்லோர் போனிலும் ஓடுகிறது. 'உயிர்த்தெழுதலுக்கு ஆதாரம் இல்லை, காஷ்மீருக்குத்தான் ஆதாரம் இருக்கிறது' என்று படித்தவர்களே சொல்கிறார்கள். அதனால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

எனக்குத் தொழில் ஏலக்காய். ஏலத்துக்கு வரும் காயைக் கண்ணால் மட்டும் பார்த்து விலை கேட்க மாட்டோம். பச்சை நன்றாக இருந்தால் சந்தேகம் கூடும். சாயம் ஏற்றியதா என்று ஈர விரலால் தேய்த்துப் பார்ப்போம். எந்தத் தோட்டம், எந்த ஸ்டோரில் உலர்ந்தது, எப்போது எடுத்தது என்று விசாரிப்போம். ஒரு சாட்சியையும் அப்படித்தான் விசாரிக்க வேண்டும்: யார் சொன்னது, எப்போது சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும்?

முதலில், இயேசு இந்தியாவுக்கு வந்ததற்கு லடாக்கில் ஏடு இருக்கிறது என்பது. ரஷ்யரான நிக்கோலாஸ் நோட்டோவிச் 1894-இல் பாரிசில் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஹெமிஸ் பௌத்த மடத்தில் கால் முறிந்து படுத்திருந்தபோது, 'ஈசா' (இயேசு) என்பவரின் வரலாற்றை லாமா தனக்குப் படித்துக் காட்டினார் என்று எழுதினார். அதே ஆண்டு மாக்ஸ் முல்லர் அதை மறுத்துக் கட்டுரை எழுதினார். மறு ஆண்டே ஆக்ராவில் பேராசிரியராக இருந்த டக்ளஸ் என்பவர் நேரே ஹெமிஸுக்குப் போய் மடத்தின் தலைமை லாமாவிடம் கேட்டார். கால் முறிந்த வெள்ளைக்காரர் யாரும் அங்கே தங்கவில்லை, அப்படி ஒரு நூலும் மடத்தில் இல்லை என்று பதில் வந்தது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நோட்டோவிச் எழுதிய கதையிலேயே ஈசா யூதேயாவுக்குத் திரும்பிப் போய்ச் சிலுவையில் இறந்துவிடுகிறார். காஷ்மீரில் அடக்கமானார் என்பவர்கள் நோட்டோவிச்சைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், அந்தச் சாட்சி அவர்களுக்கு எதிராகத்தான் பேசுகிறது. வீடியோக்காரர்கள் இரண்டு கதைகளையும் ஒட்டித் தைத்துவிடுகிறார்கள். தையல் பிரிந்திருப்பது படித்துப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது, மயக்கம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சிலுவை ரோமர்களின் தண்டனை. அதை நிறைவேற்றியவர்கள் அதையே வேலையாகச் செய்த படைவீரர்கள். 'இவ்வளவு சீக்கிரமா இறந்தார்?' என்ற சந்தேகம் முதலில் வந்தது பிலாத்துவுக்கு. நூற்றுவர் தலைவனைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் அவன் உடலைக் கொடுத்தான் என்று மாற்கு சுவிசேஷமே சொல்கிறது. விலாவில் ஈட்டியால் குத்தியதை யோவான் சொல்கிறார். கிறிஸ்தவர்களை வெறுத்த ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் திபேரியு ஆட்சியில் பொந்தியு பிலாத்துவால் கிறிஸ்து கொல்லப்பட்டார் என்றே எழுதுகிறார்.

சிலுவையில் இருந்து உயிரோடு இறக்கப்பட்டவர்கள் பற்றி ஒரு பழைய செய்தி உண்டு. யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் தன் வாழ்க்கை வரலாற்றின் கடைசிப் பகுதியில் அதைச் சொல்கிறார். எருசலேம் போரின் முடிவில், தெக்கோவா ஊருக்குப் போய்த் திரும்பும் வழியில், சிலுவைகளில் தனக்குத் தெரிந்த மூன்று பேரைப் பார்க்கிறார். தளபதி தீத்துவிடம் அழுது கேட்கிறார். மூவரையும் இறக்கி, கவனமாக வைத்தியம் பார்க்கச் சொல்லித் தீத்து உத்தரவிடுகிறார். வைத்தியர் கையிலேயே இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஒருவர் மட்டும் பிழைத்தார். ராஜ வைத்தியம் கிடைத்தும் மூன்றில் ஒருவர்தான். ஈட்டிக் குத்தும் வாங்கி, வைத்தியமே இல்லாமல் குளிர்ந்த பாறைக் குகையில் கிடந்த ஒருவர் மூன்றாம் நாள் எம்மாவு வழியில் நடந்திருக்க முடியுமா? லூக்கா சொல்லும் தூரம் ஏறக்குறைய 11 கிலோமீட்டர். போடியிலிருந்து குரங்கணிக்குப் பாதி வழிக்கும் மேலே. ஆணி பாய்ந்த காலோடு.

19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் டேவிட் ஸ்ட்ராஸ் என்ற அறிஞர் இருந்தார். அற்புதங்கள் எதையும் நம்பாதவர். மயக்கக் கதையை உடைத்தவரும் அவர்தான். கட்டுப்போட்டுப் பராமரிக்க வேண்டிய நிலையில் தட்டுத்தடுமாறி வரும் ஒரு நோயாளியைப் பார்த்து, சாவை வென்ற ஆண்டவர் என்று சீஷர்கள் எப்படி நம்பியிருப்பார்கள் என்று அவர் கேட்டார். பரிதாபம் வந்திருக்கும், ஆராதனை வந்திருக்காது. நான் படித்ததில் இதற்கு இன்னும் நல்ல பதில் யாரும் சொல்லவில்லை.

இதோடு சேர்த்து 'ஈசா களிம்பு' என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். அகமதியா இயக்கத்தை நிறுவிய, காதியானைச் சேர்ந்த மிர்சா குலாம் அகமது 1899-இல் எழுதி, 1908-இல் நூலாக வந்த புத்தகத்தில் இது ஒரு பெரிய வாதம். பழைய யூனானி நூல்களில் 'மர்ஹமே ஈசா' என்ற மருந்து இருக்கிறது, அது இயேசுவின் காயத்துக்குப் போட்டதுதான் என்கிறார். நம் சித்த வைத்தியத்தில் அகத்தியர் குழம்பு இருக்கிறது. அகத்தியருக்கு வயிற்றில் கோளாறு இருந்தது என்றா அதற்குப் பொருள்? மருந்துக்குப் பெரியவர் பெயரை வைப்பது எல்லா நாட்டு வைத்தியத்திலும் உள்ள வழக்கம். (அகமதியா சகோதரர்கள் இதைத் தங்கள் விசுவாசமாகக் கொண்டிருக்கிறார்கள். அந்த விசுவாசத்தை நான் இழிவாகப் பேசவில்லை. வரலாற்று ஆதாரம் என்று முன்வைக்கப்படும்போது அதைச் சோதித்துத்தான் ஆக வேண்டும்.)

இப்போது கல்லறைக்கு வருவோம். ஸ்ரீநகரில் கன்யார் பகுதியில் ரோசாபால் என்ற இடம். அங்கே அடக்கமாகியிருப்பவர் பெயர் யூஸ் ஆசஃப் என்கிறார்கள். அந்தக் கல்லறையைப் பற்றிக் காட்டப்படும் முக்கியமான வரலாற்று நூல் 18-ஆம் நூற்றாண்டில் குவாஜா ஆசம் திதாமரி எழுதியது. இயேசுவுக்கும் அதற்கும் இடையே 1,700 ஆண்டுகள். அதிலும், வெளிநாட்டில் இருந்து வந்த ஓர் இளவரசர், தீர்க்கதரிசி என்றுதான் பேச்சு.

அந்தப் பெயரின் பயணம் எனக்கு மிகவும் பிடித்த கதை. 'போதிசத்துவர்' என்ற சொல் பாரசீகம் வழியாக அரபிக்குப் போனபோது 'பூதாசஃப்' ஆயிற்று. அரபி எழுத்தில் 'ப'வுக்குக் கீழே ஒரு புள்ளி, 'ய'வுக்குக் கீழே இரண்டு. சொல்லின் தொடக்கத்தில் இரண்டுக்கும் வடிவம் ஒன்றே. ஒரு புள்ளி கூடியதும் பூதாசஃப் 'யூதாசஃப்' ஆனார், பிறகு யூஸ் ஆசஃப் ஆனார். அரண்மனையைத் துறந்து ஞானம் தேடிப் போன அந்த இளவரசர் நம் சித்தார்த்தர்தான். அதே கதை ஜார்ஜியா, கிரேக்கம், லத்தீன் என்று போய் ஐரோப்பாவில் 'யோசபாத்' என்ற கிறிஸ்தவப் புனிதராகி, நவம்பர் 27-இல் திருநாளும் கிடைத்தது. அரபிக் கதையின் முடிவில் அவர் காஷ்மீரில் இறக்கிறார். புத்தர் இறந்த குசிநகரம் என்ற பெயரே அப்படித் திரிந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆக, ரோசாபாலில் எந்த மகான் உறங்கினாலும், அவருக்கு வழங்கும் பெயர் புத்தர் கதையிலிருந்து வந்தது. பெத்லகேமுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

'சரி மாமா, காஷ்மீரை விடுங்க. உயிர்த்தெழுதலும் பின்னாடி கட்டுன கதையா இருக்கலாமே?' என்றான். நியாயமான கேள்வி. அதே அளவுகோலை இங்கேயும் வைக்க வேண்டும்.

சிலுவை நடந்தது கி.பி. 30 அல்லது 33. கொரிந்து சபைக்குப் பவுல் முதல் கடிதம் எழுதியது 55 வாக்கில். அதன் 15-ஆம் அதிகாரத்தில், தான் பெற்றுக்கொண்டதையே கொடுத்ததாகச் சொல்லிவிட்டு, உயிர்த்த இயேசுவைப் பார்த்தவர்களை வரிசையாகச் சொல்கிறார்: கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள், யாக்கோபு. ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருப்பதாகவும் எழுதுகிறார். போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்பதுபோல. மனம் மாறி மூன்று ஆண்டு கழித்து எருசலேமில் பேதுருவோடு 15 நாள் தங்கியதையும், அங்கே யாக்கோபைப் பார்த்ததையும் கலாத்தியர் கடிதத்தில் சொல்கிறார். 1,700 ஆண்டு எங்கே, பார்த்தவர்கள் தெருவில் நடமாடிய காலம் எங்கே?

விசுவாசத்தை வெளிப்படையாக விட்டுவிட்ட கெர்ட் லூடமன் என்ற ஜெர்மன் அறிஞரும், சீஷர்கள் எதையோ கண்டார்கள் என்பதில் ஐயமில்லை என்று ஒத்துக்கொண்டார். அது மனத்துக்குள் எழுந்த காட்சி என்பது அவர் முடிவு. உயிர்த்தெழுதலை மறுக்கும் வாதங்களில் மதிக்க வேண்டியது இது ஒன்றுதான் என்பேன். துக்கத்தில் இருப்பவருக்கு இறந்தவர் தோன்றுவதுண்டு. எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது. ஆனால் பவுல் துக்கத்தில் இல்லை, சபையை வேட்டையாடிக்கொண்டிருந்தார். யாக்கோபு உடன்பிறப்பாக இருந்தும் இயேசுவை நம்பாதவர். பிறகு எருசலேம் சபையின் தலைவராகி, 62-இல் கல்லெறிந்து கொல்லப்பட்டதை யோசேபஸ் எழுதுகிறார். கல்லறை காலியாக இருந்ததை எதிராளிகளும் மறுக்கவில்லை. சீஷர்கள் உடலைத் திருடிவிட்டார்கள் என்றுதான் சொன்னார்கள். உடல் உள்ளே இருந்திருந்தால் திருட்டுக் கதைக்கு என்ன தேவை?

சிலுவையில் செத்தவனைக் குழியில் வீசியிருப்பார்கள், கல்லறையே இருந்திருக்காது என்பாரும் உண்டு. 1968-இல் எருசலேமின் வடக்கே ஓர் எலும்புப் பெட்டி கிடைத்தது. மேலே யெகோகனான் என்ற பெயர். உள்ளே இருந்த குதிகால் எலும்பில் இரும்பு ஆணி அப்படியே இருந்தது. சிலுவையில் இறந்தவரையும் சொந்தக்காரர்கள் வாங்கி அடக்கம் செய்ததற்கு அந்த ஆணி போதும்.

நான்கு சுவிசேஷமும் ஒத்துப்போகவில்லை என்பது அடுத்த குறை. உண்மைதான். கல்லறைக்குப் போன பெண்களில் யோவான் மகதலேனா மரியாளை மட்டும் பெயர் சொல்கிறார். மத்தேயுவில் இருவர், மாற்குவில் மூவர், லூக்காவில் இன்னும் அதிகம். தூதர் ஒருவரா இருவரா என்பதிலும் வேறுபாடு.

இதற்குப் பதில் எங்கள் மலையிலேயே இருக்கிறது. 2018 மார்ச் 11 ஞாயிற்றுக்கிழமை எங்கள் குரங்கணி மலையில் தீப்பிடித்தது. மலையேற வந்தவர்கள் சிக்கினார்கள். ஊர்க்காரர்கள் இருட்டில் ஏறி, துணியில் தூளி கட்டிக் காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் போய்விட்டார்கள். அன்றைக்கு ஏறியவர்களிடம் இன்றைக்குக் கேட்டாலும், மேலே எத்தனை பேர் இருந்தார்கள், முதலில் யார் கத்தியது, எந்தப் பக்கம் தீ வந்தது என்பதில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒவ்வொருவரும் தான் நின்ற இடத்திலிருந்து பார்த்தார். அதற்காகத் தீயே பிடிக்கவில்லை என்று எவராவது சொன்னால், இந்த ஊரில் அவர் நிற்க முடியாது. அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 1. கருகிய சரிவைப் பார்த்துக்கொண்டே கோயிலுக்குப் போனோம். உயிர்த்தெழுதல் என்ற சொல் அன்று எவ்வளவு கனத்தது என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்த விஷயத்தில் விளையாட்டாகப் பேச எனக்கு வரவில்லை.

கல்லறைக்குப் போன அந்தப் பெண்களிடமே திரும்புவோம். கதை கட்டுகிறவர்கள் பெண்களை முதல் சாட்சியாக வைத்திருக்க மாட்டார்கள். பெண்களின் சாட்சியத்தை ஏற்கக்கூடாது என்று யோசேபஸே எழுதிய காலம் அது. இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. என் அம்மா காய் எடுத்துப் பிழைத்தவர். செடியின் தூரில் குந்தி, சரத்தை விலக்கி, பழுக்கும் பக்குவத்தில் உள்ள காயை மட்டும் கிள்ளுவார். விரல் இடுக்கில் கறுப்புக் கறை, எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. ஒரு தோட்டத்தில் சாயங்காலம் எடை போடும்போது தராசு இழுக்கிறது என்று அம்மா சொன்னார். கங்காணி, "பொம்பளைப் பேச்சு" என்று ஒதுக்கிவிட்டார். அப்பா போய் அதே வார்த்தையைச் சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

கல்லறையிலிருந்து ஓடிவந்த பெண்கள் சொன்னதையும் அப்போஸ்தலர்கள் வெறும் பிதற்றல் என்றே எடுத்துக்கொண்டார்கள். தங்களுக்கே வெட்கமான அந்தச் செய்தியை லூக்கா மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். பேதுரு மட்டும் எழுந்து, போய்ப் பார்க்க ஓடினார். குனிந்து பார்த்தபோது உள்ளே துணிதான் கிடந்தது.

அம்மா வேலை செய்த அந்தத் தோட்டத்திலும் கடைசியில் தராசைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். தட்டின் அடியில் ஒரு ஈயத்துண்டு ஒட்டியிருந்தது.