விரலுக்கேற்ற விசைப்பலகை

'விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும்' என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. வரவுக்குத் தக்கபடி செலவு செய்ய வேண்டும் என்பதே அதன் பொருள். கணினிக்கு விசைப்பலகை வாங்கப் புறப்படுவோருக்கு இப்பழமொழி இரண்டு வகையிலும் பொருந்தும். பணத்துக்கும் பொருந்தும், விரலுக்கும் பொருந்தும்!

விசைப்பலகையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். அதிலும் கணினி விளையாட்டுக்கான விசைப்பலகை என்றால், "பெண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்போர் நம் மதுராந்தகத்தில் மட்டுமல்ல, எல்லா ஊர்களிலும் உண்டு. அந்தக் கேள்விக்கு விடை கூறவும், நல்ல விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கும் வழியைச் சொல்லவுமே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

இன்று பல இல்லங்களில் ஒரு கணினி இருக்கிறது. ஆனால், அது அண்ணனுடைய கணினி, தம்பியுடைய கணினி என்றே பேசப்படுகிறது. அவன் விளையாடுவதற்காக வண்ண விளக்குகள் மின்னும் விசைப்பலகை வந்து சேர்கிறது. நமக்கோ, "பள்ளிக்கூட வேலையை டைப் செய்துவிட்டு எழுந்திரு" என்ற கட்டளை மட்டுமே கிடைக்கிறது. அவன் ஆடினால் பொழுதுபோக்கு. நாம் ஆடினால் பொழுதை வீணாக்குதல்! இது நியாயமா என்று பெற்றோர் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

உண்மையில் விசைப்பலகை பெண்களுக்குப் புதியதன்று. நம் அத்தைமாரும் பெரியம்மாமாரும் மாலை வேளையில் தட்டச்சுப் பயிலகத்துக்குச் சென்று, லோயர், ஹையர் தேர்வுகளை எழுதி, அந்தச் சான்றிதழைக் கொண்டே வேலைக்குச் சென்றார்கள். பத்து விரலையும் பழக்கி, எழுத்தைப் பாராமலே தட்டும் திறமை அவர்களுக்கு இருந்தது. 247 எழுத்துகள் கொண்ட நம் மொழியைச் சில பத்து விசைகளுக்குள் அடக்கித் தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு வழி வகுத்தவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து மலேயா நாட்டுக்குச் சென்று உழைத்த முத்தையா என்னும் தமிழர். அப்பொறி இரும்பாலானது, விசையை அழுத்தினால் 'டக்' என்று விரலுக்குத் தெரியும். இன்று விளையாட்டு வீரர்கள் விரும்பி வாங்கும் விசைப்பலகையும் இந்த 'டக்' என்ற உணர்வைத் தேடியே வாங்கப்படுகிறது என்றால் வியப்பாக இல்லையா?

இனி, தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த விளையாட்டுக்கு என்பது. 2022-ஆம் ஆண்டு நமக்கு அண்மையிலுள்ள மாமல்லபுரத்தில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. கோனேரு ஹம்பி, ஹரிகா, வைஷாலி, தானியா சச்தேவ், பக்தி குல்கர்னி ஆகிய ஐவரைக் கொண்ட இந்தியப் பெண்கள் அணி வெண்கலப் பதக்கம் வென்றது. அதைக் கண்டு ஊக்கம் பெற்றுக் கணினியில் சதுரங்கம் ஆடத் தொடங்கிய தோழியர் பலர். சதுரங்கத்துக்கு மவுஸ் ஒன்றே போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண விசைப்பலகையை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. கார் ஓட்டும் விளையாட்டு, ஓடித் தாவும் விளையாட்டு, குழுவாகச் சேர்ந்து ஆடும் விளையாட்டு ஆகியவற்றுக்குத்தான் விசைப்பலகையின் தரம் முக்கியமாகிறது.

இரண்டாவதாக, விசைப்பலகையின் வகைகளை அறிய வேண்டும். மலிவான பலகைகளில் மெல்லிய பிளாஸ்டிக் தாள்களும், அவற்றின்மேல் ரப்பர்க் குமிழ்களும் இருக்கும். இதை மெம்பரேன் வகை என்பர். பெரும்பாலும் விசையை அடிவரை அழுத்தினால்தான் எழுத்து பதியும். நாளடைவில் ரப்பர் தளர்ந்து, அழுத்துவது சேற்றில் கால் வைப்பது போல் ஆகிவிடும். மெக்கானிக்கல் வகையில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியே ஒரு சுவிட்சும் ஒரு சுருள்வில்லும் உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த செர்ரி நிறுவனம் 1980-களில் வெளியிட்ட எம்.எக்ஸ். சுவிட்சுகளே இன்றுள்ள பலவற்றுக்கு முன்மாதிரி. அவற்றை நிறத்தால் பிரித்து அறியலாம். சிவப்பு, தடையின்றி வழுக்கிச் செல்லும். 4 மில்லிமீட்டர் ஆழத்தில் 2 மில்லிமீட்டர் இறங்கியதுமே பதிந்துவிடும். பழுப்பு, நடுவில் ஒரு சிறு மேடு போல் விரலுக்குத் தட்டுப்படும். நீலம், மேட்டோடு 'கிளிக்' என்ற ஓசையும் எழுப்பும்.

ஆட்டத்துக்குச் சிவப்பும், எழுதுவதற்குப் பழுப்பும் ஏற்றவை என்பது பலருடைய கருத்து. நீலத்தை வாங்குமுன் வீட்டை நினைத்துப் பாருங்கள்! ஒரே கூடத்தில் பாட்டி உறங்குவார். தங்கை பாடம் படிப்பாள். இரவு ஒன்பது மணிக்கு நாம் எழுப்பும் 'கிளிக் கிளிக்' ஓசை அவர்களுக்குத் தொல்லையன்றி வேறென்ன? பிறர் நலம் பேணுதல் விசைப்பலகை வாங்குவதிலும் உண்டு.

மூன்றாவதாக, 'ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்' என்பார்களே, அதைப் பற்றிக் கூற வேண்டும். தோற்றவுடன் விசைப்பலகையைக் குறை கூறுவது சரியன்று. ஆயினும், சில வேளைகளில் கூடம் உண்மையாகவே கோணலாகத்தான் இருக்கிறது! விசைகளின் அடியில் மின்கம்பிகள் வரிசையும் நிரலுமாகக் கட்டம் போல் ஓடுகின்றன. ஒரு கட்டத்தின் மூன்று மூலைகளிலுள்ள விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால், அழுத்தாத நான்காவது மூலையும் அழுத்தியது போலக் கணினிக்குத் தோன்றும். இதற்குப் 'பேய் விசை' என்று பெயர். பேய் வராமலிருக்க, மலிவான பலகைகள் மூன்றாவது விசையையே ஏற்காமல் விட்டுவிடுகின்றன. ஓடிக்கொண்டே தாவ வேண்டிய இடத்தில் நம் வீரர் தாவாமல் நிற்பதற்கு இதுவே காரணம். ஒவ்வொரு விசைக்கும் ஒரு டையோடு வைத்த பலகையில் இக்குறை இல்லை.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். இரண்டு ஷிப்ட் விசைகளையும் ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் ஆங்கில எழுத்துகள் இருபத்தாறையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். சில எழுத்துகள் திரையில் வராவிட்டால் அப்பலகையை வைத்துவிட்டு வேறொன்றைக் கேளுங்கள். காசு செலவில்லாத சோதனை இது!

நான்காவதாக, விளம்பரங்களுக்கு ஏமாறாதிருக்க வேண்டும். சாதாரணப் பலகை விநாடிக்கு 125 முறை கணினியிடம் தன் நிலையைத் தெரிவிக்கும். விளையாட்டுப் பலகை 1000 முறை தெரிவிக்கும். அதாவது 8 மில்லி விநாடிக்கு ஒரு முறை என்பது 1 மில்லி விநாடிக்கு ஒரு முறை ஆகிறது. மிச்சமாவது அதிகம் போனால் 7 மில்லி விநாடி. திரையில் ஒன்றைக் கண்டு நம் விரல் அசைவதற்கே ஏறத்தாழ 200 மில்லி விநாடிகள் ஆகின்றன. பெரும் போட்டிகளில் ஆடுவோருக்கு அந்த ஏழும் தேவைப்படலாம். பாடம் முடித்து அரை மணி நேரம் ஆடும் நமக்கு அதற்காகப் பல ஆயிரம் கொடுப்பது வீண். வண்ண விளக்குகளும் அப்படியே. மின்னுவதெல்லாம் பொன்னல்ல!

ஐந்தாவதாக, அளவு. முழுப் பலகையில் 104 விசைகள் உண்டு. வலப்பக்க எண் விசைகளை நீக்கியது 87 விசைகள் கொண்டது. அதனினும் சிறியது 61 விசைகள் கொண்டது. சிறிய பலகை மவுஸுக்கு இடம் விடும். சிறிய கைகளுக்கும் வசதி. ஆனால், வணிகவியல் பிரிவெடுத்துக் கணக்குப் பதிவு பயில விரும்பும் தோழியருக்கு எண் விசைகள் வேண்டும். வீட்டிலுள்ள அனைவருக்கும் ஒரே பலகை என்றால் முழு அளவே நன்று. மடிக்கணினி வைத்திருப்போரும் தனியே ஒரு பலகையை இணைத்து ஆடினால், மடிக்கணினியின் விசைகள் தேயாமல் காப்பாற்றலாம்.

இவ்வளவும் சொன்ன பின், எமக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்றைச் சொல்லாமல் விடலாமா? கணினி விளையாட்டுகளில் நடக்கவும் ஓடவும் டபிள்யூ, ஏ, எஸ், டி என்னும் நான்கு விசைகளைப் பயன்படுத்துவது வழக்கம். 1997-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த க்வேக் விளையாட்டுப் போட்டியில் வென்று, அவ்விளையாட்டை உருவாக்கியவர்களுள் ஒருவரின் பெராரி காரையே பரிசாகப் பெற்ற டென்னிஸ் பாங் என்பவர், இம்முறை பரவக் காரணமானவர்களுள் ஒருவர். அதே காலத்தில், 1999-இல், சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாகத் 'தமிழ் 99' என்னும் விசைப்பலகை அமைப்பு உருவாகி, தமிழக அரசின் ஏற்பைப் பெற்றது. அதில் அந்த நான்கு விசைகளும் எந்த எழுத்துகள் தெரியுமா? ஈ, அ, இ, உ! உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஆட்டத்தில் எந்த விரல்கள் ஓடப் பழகுகின்றனவோ, அதே விரல்கள் தமிழில் உயிரெழுத்துகளை இடுகின்றன. ஆகவே, விளையாட விசைப்பலகை கேட்கும் பெண், அதே பலகையில் தமிழ் 99 பழகுவேன் என்றும் வாக்களிக்கட்டும். பெற்றோர் கொடுக்கும் பணம் இரட்டிப்பாகப் பயன் தரும். அலைபேசியில் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் வழக்கமும் குறையும்.

விளையாட்டு என்றவுடன் பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் பல குடும்பங்களைச் சீரழித்தன. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அவற்றுக்குத் தடை விதித்து, திறமையால் ஆடும் மின்விளையாட்டைப் போற்ற வழி செய்தது. சீனாவின் ஹாங்சௌ நகரில் 2023-இல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுக்கும் பதக்கங்கள் வழங்கப்பட்டன. சூதாட்டம் வேறு, விளையாட்டு வேறு. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளும் பெற்றோரும் தெளிவாக உணர வேண்டும்.

விளையாட்டுக்கு நேர்மையும் வேண்டும். எதிரெதிர்த் திசைக்கான இரு விசைகளை ஒன்றாக அழுத்தினால், முதல் விசையைத் தானே விடுவிக்கும் பலகைகள் விற்பனைக்கு வந்துள்ளன. மனித விரலால் செய்ய அரிய செயலைப் பொறி செய்துவிடுகிறது. கவுண்டர் ஸ்டிரைக் 2 விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனம் 2024-ஆம் ஆண்டு தன் ஆட்டக் களங்களில் இவ்வசதிக்குத் தடை விதித்தது. நமக்குப் பதிலாகப் பலகையே ஆடினால் வெற்றி யாருடையது? தேர்வில் பிறர் விடையைப் பார்த்து எழுதுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நேரக் கட்டுப்பாட்டுக்கு நமக்கு ஓர் அருமையான எடுத்துக்காட்டு உண்டு. 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ அவர்களால் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குதிஸ், 2006-இல் இறைவனடி சேர்ந்தபோது அவருக்கு வயது 15. நம் வயதுதான்! அவருக்குக் கணினியும் பிடிக்கும், வீடியோ விளையாட்டும் பிடிக்கும். ஆயினும், விளையாட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் என்று தாமே வரம்பு வைத்துக்கொண்டாராம். அதே கணினியைக் கொண்டு நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து உலகுக்கு அறிவித்தார். அவர் கணினியை வெறுக்கவில்லை. அதற்கு அடிமையாகவும் இல்லை. விளையாடுவது பாவமன்று, அளவு தவறுவதே தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆகவே, அன்பார்ந்த பெற்றோரே! வீட்டுக் கணினி அனைவருக்கும் பொதுவென்று சொல்லுங்கள். மகனுக்கு ஒரு மணி நேரம் என்றால் மகளுக்கும் ஒரு மணி நேரம் கொடுங்கள். மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளே! நம் பள்ளிக் கணினி அறைக்கு அடுத்த முறை விசைப்பலகை வாங்கும்போது, மேற்சொன்ன ஷிப்ட் சோதனையைச் செய்து வாங்கவும், தமிழெழுத்து பொறித்த பலகைகள் சிலவற்றையேனும் வாங்கவும் பணிவுடன் வேண்டுகிறோம். அன்புத் தோழியரே! விளக்கைப் பார்த்து வாங்காதீர்கள். விரலை வைத்துப் பார்த்து வாங்குங்கள். தேவையை அறிந்து, விலையைக் கேட்டு, வீட்டாரை எண்ணித் தேர்ந்தெடுங்கள்.

நல்ல பலகை கிடைத்துவிட்டால் மட்டும் வெற்றி வந்துவிடாது. பயிற்சியும் நேர்மையும் அளவும் சேர்ந்தால்தான் வெற்றி. பத்து விரல்களை இறைவன் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோலவே கொடுத்திருக்கிறார். அவ்விரல்களுக்கு வாய்ப்பும் ஒன்றுபோலவே கிடைக்கட்டும்!