வாழ்த்து அட்டையின் உள்பக்கம்

வாழ்த்து அட்டை செய்ய இப்போது கடையில் பெட்டியாகவே விற்கிறார்கள். பூ முத்திரை, மை, ரிப்பன், கூடவே ‘இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்’ என்று ஒரு ரப்பர் முத்திரை. அந்தக் கடைசி ஒன்றை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள் என்பேன். உத்தியோகக் காலமெல்லாம் கோப்புகளில் முத்திரை குத்தியவன் நான். அது யார் கை என்று யாருக்கும் தெரியாது.

படத்துக்கு முத்திரை நல்லதுதான். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி மையில் தொட்டு ஒற்றினால் பூ. கரும்பும் பானையும் வேண்டுமென்றால் பென்சில் ரப்பரில் செதுக்கலாம். பட்டர் பேப்பரில் பென்சிலால் வரைந்து, ரப்பர் மேல் கவிழ்த்துத் தேய்த்தால் இடவலம் மாறிப் பதியும், ஒற்றும்போது நேராகிவிடும். நம் புதுச்சேரி ஆசிரமத்தில் கையால் செய்யும் காகிதம் கொஞ்சம் சொரசொரப்பு, கோடு தடிமனாக இருக்கட்டும். மணி, பொத்தான் ஒட்டினால் தபாலில் நசுங்கும்.

பிரெஞ்சுக்காரர்கள் ஜனவரி 31 வரை புத்தாண்டு வாழ்த்து சொல்வார்கள். பொங்கலும் அதற்குள் வந்துவிடுவதால் எனக்கு ஒரே அட்டை போதும். பிரான்சில் இருக்கும் என் வகுப்புத் தோழனுக்குக் கண் மங்கிவிட்டது; மகள்தான் வாசித்துக் காட்டுகிறாள். முத்திரை வாசகத்தை ஒரு நொடியில் வாசித்து முடித்துவிடுவாள். அதனால் உள்பக்கம் முழுக்க எழுதுகிறேன்: முழங்கால் வலி, தெருவில் இடித்த வீடு, போய்ச் சேர்ந்தவர்கள் பெயர். கை நடுங்குகிறது, எழுத்து கோணல்தான். இருக்கட்டும்.

இந்த வருடம் பதினோரு அட்டைகள். மூன்று வருடம் முன்பு பத்தொன்பது.