தந்தியில் இல்லாத அலை

கிட்டாரின் வயிற்றுக்குள் செல்போனை வைத்து, மீட்டப்படும் தந்திகள் நெளிந்து நெளிந்து ஆடுவதைப் படம்பிடித்து, நாதத்தின் மெய்யான ரூபம் இதுவே என்ற விளக்கத்தோடு பரப்பப்படும் காட்சிகள் இப்போது எங்கும் மலிந்துவிட்டன. அவற்றைக் கண்டு வியப்பதில் குற்றமில்லை, ஆயினும் பௌதிக பாடத்துக்குப் பிரத்தியட்சச் சான்றாக அவற்றை மாணவர்முன் வைப்பதை நான் வன்மையாக ஆட்சேபிக்கிறேன், ஏனெனில் அந்த நெளிவு தந்தியில் இல்லை.

மீட்டிய தந்தியில் நிகழ்வது வேறு. விரல் இழுத்துவிட்ட இடத்திலிருந்து இரண்டு மடிப்புகள் எதிரெதிர்த் திசைகளில் புறப்பட்டு, முனைகளில் மோதித் திரும்பி ஓடிக்கொண்டிருக்க, மற்றப் பகுதிகள் ஏறக்குறைய நேர்கோடுகளாகவே இருக்கின்றன. அந்த வேகத்தைத் தொடர இயலாத நம் கண்ணுக்கோ, நடுவில் பருத்து முனைகளில் ஒடுங்கிய ஒரு மங்கல் மட்டுமே தென்படுகிறது.

செல்போன் கேமரா ஒரு படத்தை ஒரே கணத்தில் பதிவதில்லை. அதன் ஒளியுணரி வரிவரியாக வாசிக்கப்படுவதால், முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குகூடக் கழிந்துவிடலாம். நொடிக்கு 110 முறை அதிரும் கிட்டாரின் ஐந்தாம் தந்தி அந்த அவகாசத்தில் இருமுறைக்குமேல் போய்வந்துவிடுகிறது. ஆகவே வரிகளுக்குக் குறுக்காகத் தந்தி அமையும்போது, அதன் தலைப்பு ஒரு கணத்திலும் நடுப்பகுதி மற்றொரு கணத்திலும் அடி வேறொரு கணத்திலும் பதிவாகி, காலத்தில் நடந்த அசைவு இடத்தில் விரிந்த அலையாகக் காட்சி தருகிறது. ஒவ்வொரு வரியும் மிகச் சிறிது நேரமே ஒளி வாங்கும் வெயில் வெளிச்சத்தில்தான் இது துலக்கமாகத் தெரியும்.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன், வில்லிட்டு வாசிக்கும் தந்திகளைப்பற்றிக் கல்கத்தாவில் ஆராய்ந்து 1918-ல் விரிவான நூலொன்றை வெளியிட்டவர். தந்தியின் ஒரு புள்ளியை மட்டும் குறுகிய பிளவின் வழியே தெரியச் செய்து, புகைப்படத் தகட்டை அதன்பின் நகர்த்தி, அப்புள்ளியின் அசைவை அலைக்கோடாகப் பதியவைக்கும் முறை அவர் ஆய்வுகளுக்குப் பெரிதும் துணைநின்றது. அங்கும் காலம் இடமாக மாறத்தான் செய்தது; ஆனால் தகட்டின் நீளம் காலத்தைக் குறிக்கிறது என்பதை ஆராய்ச்சியாளர் அறிந்திருந்தார், அந்தக் கோட்டைத் தந்தியின் வடிவமென்று அவர் ஒருபோதும் எண்ணவில்லை. இன்று பரவும் படங்களில் இல்லாதது அந்த அறிவுதான்.

ஆசிரியர்கள் இக்காட்சிகளை ஒதுக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயமன்று. ஒரு படி மேலே செல்லவேண்டும் என்பதே என் விண்ணப்பம். தந்தியை மீட்டியபடியே, வரிகள் தந்திக்கு இணையாக அமையும்வண்ணம் செல்போனைக் கால்வட்டம் திருப்பச் சொல்லட்டும். சுருதி சற்றும் மாறாதிருக்க, அலைகள் மறைந்துபோவதை மாணவர்கள் தாமே காண்பார்கள். பிறகு, முந்தைய நிலையில் ஐந்தாம் தந்தி படத்தின் முழு உயரத்திலும் இரண்டு அலைகளைக் காட்டியிருந்தால், அந்தக் கேமரா ஒரு படத்தை வாசித்து முடிக்க நொடியில் 55-ல் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது என்று அவர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.