கூலியா, பங்கா?

பாப் பாடகர்கள் வேறு மரபைச் சேர்ந்த கலைஞர்களுடன் கைகோப்பது இன்று வழக்கமாகிவிட்டது. வில்லி நெல்சன், லிண்டா மார்டெல் போன்ற மூத்த கலைஞர்களுடன் இணைந்து பியான்ஸே உருவாக்கிய 'கவ்பாய் கார்ட்டர்', 2025 பிப்ரவரியில் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. இத்தகைய கூட்டிசைகளில் எது சிறந்தது என்னும் விவாதங்களில் செவியின்பமே அளவுகோலாக இருக்கிறது. உழைத்தவர்களுக்குப் பெயரும் பங்கும் கிடைத்தனவா என்பதும் அளவுகோலாக வேண்டும்.

இதற்கு அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் இசைப்பயணம் தக்க சான்று. 1970-இல் சைமன், கார்ஃபங்கல் இரட்டையர் வெளியிட்ட 'எல் கொண்டோர் பாசா', 'லாஸ் இன்காஸ்' குழுவின் இசைப்பதிவின் மீது சைமன் ஆங்கில வரிகளை எழுதி உருவான பாடல். ஆண்டீஸ் மலைப்பகுதியின் நாட்டுப்புற இசையாகக் கருதப்பட்ட அந்த மெட்டு, உண்மையில் பெரு நாட்டு இசையமைப்பாளர் டேனியல் அலோமியா ரோப்ளஸ் 1913-இல் இயற்றியது. அவருடைய மகன் வழக்குத் தொடுத்த பின்னரே தீர்வு பிறந்தது. 'நாட்டுப்புறம்' என்று சொல்லிவிட்டால் உரிமையாளர் இல்லை என்றாகிவிடுகிறது.

1985-இல் சைமன் ஜோகன்னஸ்பர்க் சென்று 'கிரேஸ்லேண்ட்' தொகுப்புக்கான ஒலிப்பதிவைத் தொடங்கினார். இனவெறி ஆட்சிக்கு எதிராக ஐ.நா. பொதுச் சபை பண்பாட்டுப் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்திருந்த காலம் அது. அதை மீறியதற்காக அவர் கடுமையாகக் கண்டிக்கப்பட்டார். ஆனால், நாடுகடந்து வாழ்ந்த மிரியம் மகேபாவும் ஹியூ மசகேலாவும் 1987-இல் அவரது இசைப்பயணத்தில் பங்கேற்றனர். அரசியல் கேள்விக்கு ஒற்றை விடை இல்லை.

பொருளாதாரக் கேள்விக்கு விடை தெளிவானது. உள்ளூர்க் கலைஞர்களுக்கு அமெரிக்கத் தொழிற்சங்க ஊதியத்தைப்போல் மூன்று மடங்கு அளித்தார் சைமன். அதைவிட முக்கியமானது, 'ஹோம்லெஸ்' பாடலில் 'லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ' குழுத் தலைவர் ஜோசப் ஷபலாலாவின் பெயர் இணை ஆசிரியராக இடம்பெற்றதே. எவ்வளவு உயர்ந்தாலும் கூலி ஒருமுறை கிடைப்பது; ஆசிரியர் உரிமை பாடல் ஒலிக்கும் காலமெல்லாம் வருவாய் தருவது. சைமன் தயாரித்த அக்குழுவின் 'ஷாகா ஸூலு' தொகுப்பு 1988-இல் கிராமி விருது பெற்றது.

எனினும் 'கிரேஸ்லேண்ட்' குறையற்றது அன்று. அதில் வாசித்த 'லாஸ் லோபோஸ்' குழுவினர், தங்களுக்கு ஆசிரியர் உரிமை மறுக்கப்பட்டதாக வெளிப்படையாகவே குற்றஞ்சாட்டினர்.

உரிமை எழுதப்படாவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் தென்னாப்பிரிக்காவே சாட்சி. 1939-இல் பதிவான 'ம்பூபே' பாடலை இயற்றிய சாலமன் லிண்டா, அதன் உரிமையை அற்பத் தொகைக்கு விற்றுவிட்டு 1962-இல் வறுமையில் இறந்தார். அந்த மெட்டிலிருந்து பிறந்த 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' உலகெங்கும் பணம் குவித்தது. வாரிசுகளுக்கு உடன்பாடு கிட்டியது 2006-இல்தான்.

இணையவழி இசைச் சேவைகளில் பாடல் ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் சிறு தொகை பிரிக்கப்படுகிறது. அது யாரைச் சேரும் என்பதைத் தீர்மானிப்பது உரிமைப் பதிவேட்டில் உள்ள பெயரே. எனவே ஒலிப்பதிவுக் கூடத்தில் நுழையும் முன்பே பங்கு எழுத்தில் இருக்க வேண்டும். பேரம் பேசும் வலிமை கொண்ட பெரிய பாடகருக்கே அதை முன்மொழியும் கடமையும் உண்டு. மேடையில் அருகில் நிற்கவைப்பது மரியாதை. பதிவேட்டில் பெயர் சேர்ப்பதே நீதி.